பேண்டம் த்ரெட்: சம்பளமும் காதலும் ஒரே கையிலிருந்து வந்தால்

பீனிக்ஸ்_வாசகி எழுதியது:

படத்தின் கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2017-இல் வந்த ‘பேண்டம் த்ரெட்’ பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் நேராக விஷக் காளானுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதற்கு வெகு முன்னால், படம் தொடங்கிய சில நிமிஷங்களில் வந்து காணாமல் போகிற ஜோஹானாவைப் பற்றிப் பேச வேண்டும்.

1950-களின் லண்டன். ரெனால்ட்ஸ் உட்காக் பணக்காரப் பெண்களுக்கும் அரச குடும்பத்தாருக்கும் உடை தைப்பவன். வீடும் தையற்கூடமும் ஒரே கட்டடம். காலையில் தையல்காரிகள் வரிசையாக மாடியேறுகிறார்கள். கீழே சாப்பாட்டு மேஜையில் ஜோஹானா அவனிடம் ஏதோ பண்டத்தை நீட்டுகிறாள். அவன் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. உன் கவனம் என் பக்கம் திரும்ப நான் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள். இன்று உடையைக் கொடுத்தாக வேண்டும், காலையிலேயே சண்டை வேண்டாம் என்கிறான். பிறகு அவன் சகோதரி சிரில் அவனிடம் கேட்கிறாள்: ஜோஹானாவை என்ன செய்யலாம், அக்டோபர் உடையைக் கொடுத்து அனுப்பிவிடட்டுமா? அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜோஹானா படத்தில் இல்லை.

அந்த வீட்டில் அவள் வேலைக்கு இருந்தாளா, துணைவியாக இருந்தாளா? வேலைக்காரி என்றால் நோட்டீஸ் கொடுத்துக் கணக்குத் தீர்க்க வேண்டும். மனைவி என்றால் ஊர் உலகம் கேட்கும். இரண்டுமில்லாதவளுக்கு ஒரு கவுன். அவள் இடத்துக்கு வருபவள்தான் ஆல்மா. கடலோர ஓட்டலில் மேஜைக்குச் சாப்பாடு கொண்டுவரும் பெண். முதல் நாளே அவள் உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, தன் கிராமத்து வீட்டுக்குக் கூட்டிப்போய், நிற்கவைத்து அளவெடுக்கிறான். பாதியில் சிரில் வந்து உட்கார்ந்து அளவுகளை நோட்டில் எழுதிக்கொள்கிறாள். உனக்கு மார்பு இல்லை, அதை உண்டாக்குவது என் வேலை, எனக்கு மனமிருந்தால் என்கிறான். ஆல்மா அசையாமல் நிற்கிறாள். காதலின் முதல் நாள் என்று நினைத்து வந்தவளுக்கு அது வேலைக்கான நேர்முகத் தேர்வு என்று யாரும் சொல்லவில்லை.

இதைக் காதல் படம் என்று கொண்டாடுகிறவர்களோடு நான் மல்லுக்கு நிற்க வரவில்லை. எனக்கும் மிகப் பிடித்த படம். ஆனால் இது வேலையிடத்தைப் பற்றிய படம் என்பதை யாருமே பேசுவதில்லையே என்ற ஆதங்கம் நிறைய இருக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் தையல் தொழிற்சாலைச் சம்பளத்தில் வளர்ந்த குடும்பங்கள் நாம். நம் கண்ணுக்காவது அது பட வேண்டும்.


படப்பெட்டி_கேப்டவுன் எழுதியது:

அக்கா, ஜோஹானா காட்சியை நீங்கள் சொன்ன விதம் அருமை. ஆனால் முடிவில் எனக்கு ஒப்புதல் இல்லை.

இந்தக் கதை தனக்கு எங்கே தோன்றியது என்று இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது அவருடைய மனைவி வெகு நாளைக்குப் பிறகு அத்தனை கனிவோடு அவரைப் பார்த்தாராம். படத்தின் வித்து அந்தப் பார்வைதான். பலமாக நடமாடும்போது யாரையும் கிட்டே விடாத ஒருவன், படுக்கையில் விழுந்தால் மட்டும் அன்பை வாங்கிக்கொள்கிறான். இது முதலாளிகளுக்கு மட்டும் உள்ள வியாதியா? நம் அப்பாக்களில் பாதிப் பேர் இப்படித்தானே? காய்ச்சல் வந்தால்தான் அம்மாவின் கையைப் பிடிப்பார்கள்.

கடைசி ஆம்லெட் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்மா விஷக் காளான் நறுக்குவதை, வெண்ணெய் உருக்குவதை ரெனால்ட்ஸ் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். வெண்ணெய் அவனுக்கு ஆகாது. ஒரு துண்டை வாயில் வைத்து மெல்கிறான், மெதுவாக. நீ தரையில் விழுந்து கிடக்க வேண்டும், நான் மட்டும்தான் உனக்குத் துணை, அப்புறம் மறுபடி நீ பலம் பெற வேண்டும் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவன் விழுங்குகிறான். எனக்கு வாந்தி வருமுன் முத்தம் கொடு என்கிறான். தெரிந்தே தின்றவனை ஏமாந்தவன் என்று எப்படிச் சொல்வது? அதற்குள் அவள் அவனுடைய மனைவி. வேலைக்காரி இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து அவர்களுக்கென்று ஒரு ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். வெளியே இருந்து பார்க்கிற நமக்கு அது விகாரமாகத் தெரியலாம்.


ஸ்டேங்கர்_தம்பி எழுதியது:

முதல் தடவை அவள் காளானை டீயில் கலந்து கொடுத்தபோது அவனுக்குத் தெரியாதே அண்ணா. ஒப்பந்தம் அதற்குப் பிறகுதானே வருகிறது?


பீனிக்ஸ்_வாசகி எழுதியது:

தம்பி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அந்த முதல் தடவைக்கு முந்தின இரவு என்ன நடந்தது?

ஆல்மா வீட்டிலிருக்கும் எல்லாரையும், சிரில் உட்பட, வெளியே அனுப்பிவிட்டு அவனுக்காகத் தானே சமைக்கிறாள். ஆஸ்பரகஸ் தண்டில் எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய். அவன் கடித்துக் குதறுகிறான்: நீ என்ன, என் வாழ்க்கையைக் கெடுக்க வந்த உளவாளியா, துப்பாக்கி வைத்திருக்கிறாயா, இது என் வீடுதானே? அந்த ‘இது என் வீடுதானே’ என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அவள் பதிலுக்கு என்ன சொல்கிறாள்? நான் இங்கே முட்டாள்போல நின்று காத்துக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். எதற்குக் காத்திருக்கிறாய் என்றால், நீ என்னைப் போகச் சொல்வதற்கு.

ஜோஹானாவுக்கு நடந்தது தனக்கும் நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. படப்பெட்டி, நம் அம்மாக்கள் எத்தனை கசப்பிலும் அப்பா வாயிலிருந்து ‘போ’ என்ற சொல் வருமோ என்று தினமும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்களா? சிலர் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆல்மாவுக்கு அந்தச் சொல் வந்தால் ஒரே வாயில் காதலும் போகிறது, கூரையும் போகிறது, வேலையும் போகிறது. யாரும் என்னைப்போல நெடுநேரம் நிற்க முடியாது என்று அவள் ஓரிடத்தில் பெருமையாகச் சொல்கிறாள். அளவுக்கு நிற்கிறாள், வாடிக்கையாளர் முன் உடை போட்டுக் காட்டுகிறாள், தையல்காரிகளோடு உட்கார்ந்து தைக்கிறாள். அத்தனைக்கும் அவளுக்குச் சம்பளம் என்ன? படம் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. தொடாததுதான் அந்த வீட்டின் உண்மை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படி நிற்கிறவளுக்கு அவனோடு சமமாகப் பேச ஒரு வழியும் இல்லை. உணவு மேஜையில் ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற சத்தம்கூட அங்கே குற்றம். அவனைப் படுக்கவைத்தால்தான் அவள் உட்கார முடியும். காளானை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது சரியென்று சொல்லவில்லை. அவள் கையில் அது எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன்.


மெர்பேங்க்_தையல் எழுதியது:

நான் சொல்லச் சொல்லப் பேத்தி அடிக்கிறாள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தை அவள்தான் போட்டுக் காட்டினாள். பேச்சு முழுக்கப் புரியவில்லை, தையல் முழுக்கப் புரிந்தது.

அந்த மாடியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிற கிழவிகளைப் பாருங்கள். இரண்டு பேருடைய விரலைப் பார்த்த உடனே இவர்கள் நடிக்கவில்லை, தைக்கிறார்கள் என்று சொன்னேன். பேத்தி தேடிப் பார்த்து, அவர்கள் நிஜமாகவே லண்டனில் வருஷக்கணக்காகப் பெரிய இடத்து உடை தைத்தவர்கள்தான், படத்துக்காகக் கூட்டிவந்தார்கள் என்றாள். நூலை எடுக்கும்போது கை எவ்வளவு தூரம் போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

இப்போது கதைக்கு வருகிறேன். அந்த ஆள் மயங்கி, ராஜகுமாரியின் கல்யாண உடைமேல் போய் விழுகிறான். உடை கெட்டுப்போய்விட்டது. காலையில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்துத் தைக்கிறார்கள். வயசான பொம்பளைகள். மேலே காதல் நடக்கிறது, கீழே இவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாட்டின் துணியில் ஊசி போடுகிறார்கள். ஓவர்டைம் என்று ஒரு பேச்சு உண்டா? வாசகி ஆல்மா சம்பளத்தைக் கேட்டாள். நான் இவர்கள் சம்பளத்தைக் கேட்கிறேன்.

நான் தொழிற்சாலையில் காலர் வைக்கிற மிஷினில் இருந்தவள். அந்தக் காலத்தில் மெர்பேங்க், சாட்ஸ்வொர்த் பொண்ணுங்க பாதிப் பேர் அந்த வேலைக்குத்தான் போனோம். எங்கள் லைனில் நடந்ததைச் சொல்கிறேன், பேர் ஊர் வேண்டாம். துணி வெட்டி, கட்டுக் கட்டாகப் பண்டில் வரும். எந்தப் பண்டில் யாருக்கு என்று சூப்பர்வைசர்தான் கொடுப்பார். நல்ல காட்டன் துணி, நேர்த் தையல் என்றால் சீக்கிரம் முடியும், போனஸ் கிடைக்கும். கறுப்புத் துணி, வழுக்குத் துணி என்றால் கண்ணும் போகும், டார்கெட்டும் போகும். புதுசாக வந்த ஒரு பெண்ணுக்கு நல்ல பண்டிலாக வர ஆரம்பித்தது. அவரோடு பழக்கம். கல்யாணம் ஆகாத பெண், அவரும் அன்பாகத்தான் இருந்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். டிபனில் அவளுக்கென்று மாங்காய் ஊறுகாய் கொண்டுவருவார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவளோடு பேசுவதை நிறுத்தினோம். டீ நேரத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் எழுந்து போவோம். எங்களுக்கு வரவேண்டிய பண்டில் அவளுக்குப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். பண்டில் கொடுக்கிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் அவர்களுக்குள் என்னவோ ஆகி, முறிந்துபோனது. அடுத்த வாரமே அவளுக்கு வழுக்குத் துணி. ஒரு மாசத்தில் வேலை குறைந்து ஷார்ட் டைம் போட்டார்கள், அதாவது வேலை நேரத்தையும் சம்பளத்தையும் குறைத்தார்கள், பட்டியலில் முதல் பேர் அவளுடையது. வெள்ளிக்கிழமை சம்பளக் கவரை வாங்கி, பிரித்து எண்ணி, மறுபடி எண்ணினாள். பக்கத்தில் நின்ற எங்களைப் பார்த்தாள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எங்கே திறப்பது, நாங்கள் ஆறு மாசமாகப் பேசவில்லையே.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கவுன்கூடக் கொடுக்கவில்லை.


மிட்ராண்ட்_மென்பொருள் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். பண்டில் என்பது இன்றைக்கும் இருக்கிறது, எங்கள் துறையில் அதற்கு ‘நல்ல புராஜெக்ட்’ என்று பெயர்.

நான் கோவையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்தவன். இங்கே வேலைக்கு வருகிற நம் ஆட்கள் பலர் பொது வேலை விசாவில் வருகிறார்கள். அந்த விசா ஒரு நிறுவனத்தின் பெயரில் கட்டப்பட்டிருக்கும். வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும். எங்கள் வட்டத்தில் ஒரு பெண் தன் மேலாளரோடு பழகினாள். அவளே விரும்பித்தான். முறித்துக்கொள்ள நினைத்தபோது விசா நீட்டிப்புக்கான கடிதம் அவர் மேஜையில் இருந்தது. அவர் மிரட்டவில்லை. ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கடிதம் மட்டும் ‘அடுத்த வாரம்’, ‘அடுத்த வாரம்’ என்று போய்க்கொண்டே இருந்தது. அவளும் அந்த வாரங்கள் முழுக்க அவரோடு சிரித்துப் பேசி, சாப்பிடப் போய்க்கொண்டிருந்தாள். வெளியே பார்த்தவர்களுக்குக் காதல் நன்றாக நடந்தது.

ஆல்மாவும் வேற்று நாட்டுப் பெண்தான். பேச்சிலேயே தெரிகிறது. எந்த ஊர், போர்க்காலத்தில் என்ன பட்டாள் என்று படம் விளக்குவதில்லை. அவளைத் தேடி ஒரு உறவும் அந்த வீட்டு வாசலுக்கு வருவதில்லை. என் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.


ஸ்டேங்கர்_தம்பி எழுதியது:

விட்டுப் போக முடியாத வேலை என்றதும் பாலசுந்தரம் நினைவு வந்தது. 1894-இல் டர்பனில் முன்பல் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியிடம் வந்து நின்ற நம் தமிழ் ஒப்பந்தக் கூலி. அடித்தது முதலாளி. ஆனால் அந்த முதலாளியை விட்டு அவராகப் போனால் சட்டப்படி அவருக்குத்தான் தண்டனை. காந்தி அங்கே தண்டனைக்காக நிற்கவில்லை, வேறு முதலாளிக்கு மாற்றிவிடுங்கள் என்பதைத்தான் கேட்டு வாங்கினார். கதை வேறு, தெரியும். ஆனாலும் ‘போகலாமா கூடாதா’ என்பதுதான் முதல் கேள்வி என்று அன்றைக்கே புரிந்திருக்கிறது.


படப்பெட்டி_கேப்டவுன் எழுதியது:

மெர்பேங்க் அம்மா எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தையல்காரிகளை நான் அலங்காரமாகத்தான் பார்த்திருக்கிறேன். நேற்று இரவு அந்தப் பகுதியை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

ஆனால் படத்தின் மீதுள்ள அன்பில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த இரவில் ஆல்மா மாடிக்கும் கீழுக்கும் போகிறாள். கல்யாண உடையின் லைனிங்கில் ரெனால்ட்ஸ் ரகசியமாகத் தைத்து வைத்திருந்த ‘என்றும் சாபமில்லை’ என்ற சிறு துண்டை அவள்தான் கண்டு எடுத்துவிடுகிறாள். யாருக்கும் காட்டுவதில்லை. தைப்பவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்ததால்தான் அவளுக்கு அது கிடைத்தது. ஆக அந்தக் கூட்டத்திலிருந்து ஆல்மாவைப் பிரித்துவிட வேண்டாம்.

இன்னொன்று. ரெனால்ட்ஸாக நடித்த டேனியல் டே-லூயிஸ் இந்தப் படத்துக்காகத் தையல் கற்றார், நியூயார்க் நகர பாலேயின் உடைப் பிரிவில் பயிற்சி எடுத்தார். படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கரும் உடை வடிவமைப்புக்குத்தான், மார்க் பிரிட்ஜஸுக்கு. கைவேலையை இந்த அளவு மதித்து எடுத்த படம் அரிது. அந்த மதிப்பு இருப்பதால்தான் நாம் இங்கே சம்பளம் கேட்கிற அளவுக்கு அந்தக் கிழவிகளை நம்புகிறோம்.


மாரிட்ஸ்பர்க்_வக்கீல் எழுதியது:

தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறவன் என்ற முறையில் சிலதைச் சொல்கிறேன்.

லண்டனில் 1950-களில் ஆல்மா எங்கே போய் முறையிட்டிருப்பாள்? பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் 1970-இல், பாலினப் பாகுபாட்டுச் சட்டம் 1975-இல். அவள் கையில் ஒன்றுமே கிடையாது. வாசகி சொன்ன ‘வேறு வழியில்லை’ என்பதற்குச் சட்டப் பக்கமும் அதுதான்.

இங்கே இப்போது நிலைமை வேறு. 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் துன்புறுத்தலைப் பாகுபாடாகவே கணக்கில் கொள்கிறது. புகார் தெரிந்தும் நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் 60-ஆவது பிரிவின்படி நிறுவனமே பொறுப்பு. 2022 மார்ச்சில் வெளியான, பணியிடத் துன்புறுத்தல் பற்றிய நடத்தை விதிகள் அதிகார ஏற்றத்தாழ்வைத் தனியாகவே எடுத்துப் பேசுகின்றன. முதலில் ஒருத்தி சம்மதித்தாள் என்பதற்காக, பிறகு வேண்டாம் என்று சொன்னதும் செல்லாது என்று ஆகிவிடாது. அதற்கு முந்தின ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு மூத்த மருத்துவர், பயிற்சி மருத்துவர் வழக்கில் இந்த அதிகார இடைவெளியைத் தீர்ப்பின் நடுவில் வைத்துப் பேசியது.

ஆனால் ஒன்று. சட்டம் அலுவலகக் காதலைத் தடை செய்யவில்லை, செய்யவும் கூடாது. என் சொந்தக்காரர்களிலேயே வேலையிடத்தில் சந்தித்து நன்றாக வாழ்கிறவர்கள் உண்டு. பல நிறுவனங்கள் கேட்பது, மேலாளர் உறவைத் தெரிவித்துவிட்டு, அந்த ஆளின் சம்பள உயர்வு, மதிப்பீடு, விசாக் கடிதம் இவற்றில் கையெழுத்துப் போடாமல் விலகிக்கொள்ள வேண்டும் என்பதுதான். பண்டில் கொடுக்கிற வேலையை வேறு கைக்கு மாற்றச் சொல்கிறார்கள். அம்மா சொன்ன தொழிற்சாலையில் அந்த ஒன்று நடந்திருந்தால், அவர்கள் காதல் என்ன ஆகியிருந்தாலும் அந்தப் பெண்ணின் சம்பளக் கவர் மெலிந்திருக்காது.

முதல் தடவை அவனுக்குத் தெரியாமல் விஷம் வைத்தது குற்றம்தான். அதில் நான் ஆல்மா பக்கம் நிற்க மாட்டேன்.


பார்வையாளர்_டோங்காட் எழுதியது:

நான் இங்கே இதுவரை எழுதியதில்லை. மிட்ராண்ட் அண்ணா சொன்னதுபோன்ற நிலையில் என் தோழி ஒருத்தி இருக்கிறாள். வேலையை விடவில்லை, உறவை முறித்துவிட்டாள், அதிலிருந்து அலுவலகத்தில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுகிறார்கள். மனிதவளப் பிரிவிடம் சொன்னால் ‘உங்கள் சொந்த விஷயம்’ என்கிறார்களாம். வக்கீல் ஐயா, அவள் என்ன செய்ய முடியும்?


மாரிட்ஸ்பர்க்_வக்கீல் எழுதியது:

அம்மா, முதலில் அவளைத் தனியாக விடாதீர்கள்.

நடந்ததைத் தேதிவாரியாக எழுதிவைக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதையும் அழிக்கக் கூடாது, கோபத்தில்கூட. அலுவலக மின்னஞ்சலில் மட்டும் இருப்பவற்றின் விவரங்களையும் குறித்துக்கொள்ளட்டும். மனிதவளப் பிரிவுக்கு வாயால் சொன்னது போதாது, எழுத்தில் கொடுக்கட்டும். அப்போதுதான் 60-ஆவது பிரிவு உயிர் பெறும். அதற்கும் அசையவில்லை என்றால் தொழில் தகராறுகளைத் தீர்க்கிற சி.சி.எம்.ஏ. ஆணையம் இருக்கிறது, 7.11 படிவம், கட்டணம் கிடையாது. பாகுபாடு, துன்புறுத்தல் புகாருக்கு நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். வேலையை விட்டு நீக்கிவிட்டால் அதற்கு வெறும் 30 நாள், அதைத் தவறவிடக் கூடாது. தொழிற்சங்கத்தில் இருந்தால் இன்றே அவர்களிடம் பேசட்டும்.

‘சொந்த விஷயம்’ என்று அவர்கள் சொன்னதையும் தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். அதுவும் சாட்சி.


பார்வையாளர்_டோங்காட் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இன்றிரவே அவளிடம் காட்டுகிறேன்.


பீனிக்ஸ்_வாசகி எழுதியது:

டோங்காட் சகோதரி, என்ன ஆனது என்று தனிச் செய்தியிலாவது சொல்லுங்கள். கூடவே வர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

மனிதவளம் என்றதும் சிரில் பற்றி ஒன்று. அந்த வீட்டின் கணக்கு, ஆள் சேர்ப்பு, ஆள் நீக்கம் எல்லாம் அவள் கையில். லெஸ்லி மேன்வில் அதை இமைகூட அசையாமல் நடித்திருக்கிறார். படம் பார்த்த பலருக்கு சிரில்மேல் கோபம். எனக்கு அவள் நேர்மையானவளாகத் தெரிகிறாள். ரெனால்ட்ஸ் முணுமுணுக்கும்போது, என்னோடு சண்டைக்கு வராதே, நீ உயிரோடு திரும்ப மாட்டாய் என்று குரலை உயர்த்தாமல் சொல்கிறாளே, அந்த வீட்டில் அவனிடம் அப்படிப் பேச முடிந்த ஒரே ஆள் அவள். ஏன்? தொழிலில் அவளுக்குப் பங்கு இருக்கிறது, அவன் ‘போ’ என்று சொல்ல முடியாது. ஆல்மா காளானால் பெற முயன்றது சிரிலிடம் பிறவியிலேயே இருக்கிறது.

படப்பெட்டி, உங்கள் ஆம்லெட்டுக்கும் வருகிறேன். அவன் தெரிந்து விழுங்கினான், ஒத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் இருவரும் சமம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஆல்மா சொல்கிற எதிர்காலத்தைக் கேளுங்கள். உன் உடைகளைத் தூசியிலிருந்தும் காலத்திலிருந்தும் நான் காப்பேன் என்கிறாள். ஆக அவள் அந்த வீட்டுக்கு எஜமானி ஆகிவிட்டாள். நாளைக்கு மாடியேறி வரும் பெண்களுக்கு அவள் எப்படிப்பட்ட முதலாளியாக இருப்பாள்? அவன் படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு தடவையும் ராத்திரி கண் விழித்துத் தைப்பவர்கள் அவர்கள்தானே. இருவருக்குள் நடந்த ஒப்பந்தத்தின் செலவை அவர்கள்தான் கொடுக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை.


படப்பெட்டி_கேப்டவுன் எழுதியது:

கீழே இருந்து வந்தவள் மேலே போனால் மறக்க மாட்டாள் என்று நம்ப ஆசைப்படுகிறேன். அந்த மேஜையில் அவளும் ஊசி பிடித்தவள்.


மெர்பேங்க்_தையல் எழுதியது:

படப்பெட்டித் தம்பிக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

வேறொரு தொழிற்சாலையில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி தன் சூப்பர்வைசரையே கல்யாணம் செய்துகொண்டாள். கொஞ்ச காலத்தில் அவளும் லைனுக்குச் சூப்பர்வைசர் ஆனாள். வந்த முதல் வாரமே சுவரில் ஒரு பலகை மாட்டினாள். எந்தப் பண்டில் யாருக்குப் போனது என்று சாக்பீஸில் எழுதி வைப்பாள், எல்லாரும் பார்க்கலாம். முன்னே அவளோடு பேசாமல் இருந்தவளுக்கும் முறைப்படி நல்ல துணி வந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

1990-களில் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்து வேலை குறைந்தபோது ஷார்ட் டைம் பட்டியல் எழுதியதும் அவள்தான். ஆபீசிலிருந்து சொன்ன பேர்களை அப்படியே எழுதினாள். அந்தப் பட்டியலை மட்டும் பலகையில் போடவில்லை, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வேண்டாம், பலகையிலேயே போடு, யார் பேர் முதலில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று நாங்கள் சிலபேர் போய்க் கேட்டோம். போடவில்லை.